கிராணியார் வீட்டு மடிப்பிச்சை

“அம்மம்மா பிச்சை எடுத்தவவாமே, அம்மப்பா? உண்மையோ?”

கேட்டது யோகத்தின் மூத்த மகள், ஐந்து வயதுக்காரி. கேட்ட நேரம்தான் சரியில்லை. அவளுடைய அம்மம்மா அன்னபாக்கியம் இறந்து அன்றைக்கு முப்பத்தோராம் நாள். அந்தியேட்டிக் கிரியை காலையிலேயே கடற்கரையில் முடிந்து, மலாக்கா பட்டணத்தில் யோகத்தின் வீட்டு முன்கூடத்தில் வாழையிலை போட்டாயிற்று. இருந்தவர்கள் எல்லாரும் யாழ்ப்பாணத்து ஆட்கள். கோர்ட்டுக் கிளாக்கர்மார், தபால் கந்தோர்க்காரர், ரயில்வேக்காரர், அவரவர் மனைவிமார். இறந்தவளின் குணத்தையும் கைப்பக்குவத்தையும் குடும்பத்தைக் கட்டிக் காத்த விதத்தையும் ஆளுக்கொரு வாயாகச் சொல்லிக்கொண்டிருந்த சபையின் நடுவில் இந்தக் கேள்வி வந்து விழுந்தது.

பருப்புக்கறி வாளியோடு வந்த யோகம் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். தூரத்துச் சொந்தக்காரியான சின்னாச்சி, “ஐயோ, பிள்ளை என்ன கதைக்குது பாருங்கோவன்!” என்று கன்னத்தில் கைவைத்தாள். எல்லார் கண்ணும் கனகரட்ணத்தின் பக்கம் திரும்பின. ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பெரிய கிராணியாராக, அதாவது கந்தோரின் தலைமைக் கிளாக்கராக, இருந்து ஓய்ந்தவர் அவர். நாலு பேர் என்ன சொல்லுவார்களோ என்ற பயத்தைக் கைக்குட்டை மாதிரி எப்போதும் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த மனிதர். இப்போது அதட்டப் போகிறார், பிள்ளை அழப்போகிறது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

“ஓம், குஞ்சு,” என்றார் கனகரட்ணம். “எடுத்தவ. நான் என்ரை கண்ணாலை பாத்தனான்.”

சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். அவர் மனம் அந்தச் சபையில் இல்லை.

பேரப்பிள்ளைகள் அறிந்த அன்னபாக்கியம், எதையும் நாளைக்கு என்று தள்ளிவைக்கத் தெரியாத மனுஷி. குழந்தைக்கு முதற்பல் கண்டுவிட்டது என்று காலையில் சேதி வந்தால், மத்தியான பஸ்ஸில் அரிசிமாவும் தேங்காயும் கட்டிக்கொண்டு தோட்டத்திலிருந்து மலாக்காவுக்கு வந்து இறங்குவாள். தேங்காய்ச் சொட்டைப் பல்லுப் போலக் குத்திக் கொழுக்கட்டை அவித்து, பிள்ளையை வெள்ளைத் துணியில் இருத்தி, தலையிலே கொட்டி, பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைகளையும் கூப்பிட்டுப் பொறுக்கித் தின்னச் சொல்லுவாள். “ஞாயிற்றுக்கிழமை வைப்பமே அம்மா, ஆக்களுக்கும் சொல்லலாம்” என்று யோகம் இழுத்தால், “இண்டைக்கு வந்த பல்லுக்கு இண்டைக்குத்தான் கொழுக்கட்டை” என்பாள். அதற்குமேல் பேச்சில்லை.

வாசலைத் தாண்டிப் போகிற யாரானாலும், விறகு விற்கிற சீனக் கிழவனானாலும், கம்பம் என்கிற மலாய்க் கிராமத்திலிருந்து வாழைக்காய் கொண்டுவருகிற மலாய்க்காரியானாலும், “சுடா மக்கான்?” என்று கேட்பாள். சாப்பிட்டாயிற்றா என்பது அது. அவளுக்குத் தெரிந்த மலாயில் பாதி அந்த ஒரு கேள்விதான். இல்லை என்று சொன்னவர்கள் தப்பிப் போனதில்லை.

அவள் அப்படிப் பிறந்துவிடவில்லை. அப்படி ஆனாள். ஆனது எந்த வருஷம், எந்த வாசலில் என்பது கனகரட்ணத்துக்குத் தெரியும்.

முதல் யுத்தத்துக்கு முந்திய வருஷம் அளவெட்டியிலிருந்து கப்பலேறி வந்த மணப்பெண் அவள். செலண்டார் என்ற சின்ன ஊருக்கு அப்பால், பால்மரக் காட்டுக்கு நடுவில் அந்தத் தோட்டம். காகிதத்தில் அதற்கு ஸ்கொத்லாந்து ஊர் ஒன்றின் பெயர். சனங்களின் வாயில் மேட்டுத் தோட்டம். மேட்டின் உச்சியில் துரை பங்களா. நடுச்சரிவில் கிராணியார் வீடும் ஆஸ்பத்திரி டிரெசர் வீடும். பள்ளத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்கள். லயத்தின் முடிவில் தகரக் கூரை போட்ட மாரியம்மன் கோயில். மேலேயிருந்து கீழே கட்டளை போகும். கீழேயிருந்து மேலே பாலும் விறகும் கும்பிடும் வரும். அந்த ஒழுங்கில் கிராணியாரின் மனைவிக்கு விதித்த இடம் வீட்டு வாசல்படிக்கு உள்ளே.

கனகரட்ணத்துக்கு அந்த நாட்டில் ஒரே ஒரு கொள்கைதான் இருந்தது. “ஊரிலை பாப்பம்.” நல்ல பித்தளைப் பாத்திரங்கள் பெட்டிக்குள் கிடந்தன, ஊரில் எடுத்துப் புழங்குவோம். வீட்டுக்குப் பின்னால் மாங்கன்று வைக்கவா என்று அவள் கேட்டாள். காய்க்கிறதுக்குள் நாங்கள் ஊரில் இருப்போம். யோகத்துக்குக் காது குத்தாமல் இருந்தது. ஊரில் மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். விடுப்பு வந்து ஊருக்குப் போனபோது யோகத்துக்கு எட்டு வயது. நாலு பேர் அமுக்கிப் பிடிக்கத்தான் குத்த முடிந்தது. திரும்பி வருகிற கப்பல் முழுக்க அந்தக் காது சீழ்பிடித்து, பிள்ளை ஒருக்களித்துக்கூடப் படுக்க முடியாமல் வந்தது.

அந்தப் பயணத்தில் இன்னொன்றும் நடந்தது. நடுப்பிள்ளை கனகலிங்கத்தை, ஆறு வயதுப் பையனை, ஊரில் பாட்டன் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்தார்கள். படிப்பென்றால் ஊர்ப் படிப்புத்தான் என்று கனகரட்ணம் முடிவு செய்திருந்தார். கப்பலில் அன்னபாக்கியம் பழக்கத்தில் இரண்டு பிள்ளைகளுக்கும் சோறு பிசைந்தாள், இரண்டாவது உருண்டையைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாள் என்று யோகம் பின்னாளில் சொல்லுவாள்.

அடுத்த வருஷம் பிறந்தவன் ஆனந்தராஜா. அவனுக்கு ஐந்து வயது நடக்கிற தை மாசம், 1928 இல், நெருப்புக் காய்ச்சல் கண்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் தனிக் கட்டிலில் போட்டார்கள். அங்கே மருந்து கொடுக்கிற டிரெசர் கணேசமூர்த்தியும் யாழ்ப்பாணத்தவர்தான், மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு வந்து தனியாக இருந்தவர். முகத்தை வைத்தே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற ஆள். பட்டணத்து டொக்டர் வந்து பார்த்துவிட்டுப் போன மத்தியானம், அவர் முகம் சொன்னதை அன்னபாக்கியம் வாசித்துவிட்டாள். வெளி விறாந்தையில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் தூக்குகிற பெத்தம்மாள் வாளியைக் கீழே வைத்தாள். நெற்றி நிறையக் குங்குமமும் வாய் நிறைய வெற்றிலையுமாகத் திரிகிற அவள்தான் லயத்துக் கோயிலில் தீச்சட்டி எடுக்கிற பெண்களுக்கெல்லாம் தலைவி.

“அழுவாதீங்கம்மா. எங்க ஆத்தாகிட்ட ஒரு வார்த்த சொல்லி வைங்க. சட்டி எடுக்குறேன்னு வேண்டிக்கங்க. எம்புள்ளைக்கு அப்படித்தான் எறங்குச்சு.”

சட்டி என்றால் அன்னபாக்கியத்துக்குத் தெரிந்தது நல்லூர்த் தேரின் பின்னால் பெண்கள் எடுக்கிற கற்பூரச்சட்டி. மண்சட்டியில் கற்பூரத்தைக் கொளுத்திக் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவது. அவள் அந்தத் தகரக் கூரையைப் பார்த்துக் கை கூப்பினாள். “என்ரை பிள்ளையைத் தா. உன்ரை வாசலிலை சட்டி எடுக்கிறன்.”

காய்ச்சல் இறங்கியது. டொக்டர் தம் மருந்து என்றார். கனகரட்ணம், தாமும் இரகசியமாக நல்லூர்க் கந்தனுக்கு நேர்ந்திருந்தபடியால், அவன் அருள் என்றார். அன்னபாக்கியம் யாரோடும் வாதாடவில்லை.

சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேற்றப் போகிறார்கள் என்று பங்குனிக் கடைசியில் கோயிலில் பறை தட்டினார்கள். அன்று இடியப்பத்தை இலையில் வைத்துக்கொண்டே அவள் சொன்னாள்.

“இஞ்சருங்கோ, எனக்கொரு நேத்தி இருக்கு. கீழைக் கோயிலிலை. சட்டி.”

கனகரட்ணம் இலையிலிருந்து தலையை நிமிர்த்தினார். “கீழைக் கோயிலிலையோ? உமக்கென்ன விசரோ? அது கூலியாக்களின்ரை கோயில். நேத்தியெண்டால் ஊரிலை பாப்பம். அடுத்த லீவுக்கு நல்லூரிலை செய்வம்.”

“காய்ச்சல் நல்லூரிலையோ வந்தது?” என்று கேட்டாள் அவள். “இஞ்சைதானே வந்தது. மாத்தினவவும் இஞ்சைதான் இருக்கிறா.”

அதற்குப் பிறகுதான் அவள் விவரம் கேட்கப் பெத்தம்மாளிடம் போனாள். பெத்தம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தாள்.

“சும்மா சுத்திட்டுப் போறதா? அதெல்லாம் ஒங்க ஊருல. இங்க காப்புக் கட்டிட்டா ஒரு வேளச் சோறுதான். அதுவும் கோயில்ல பொதுவா ஆக்குறதுதான். நானும் ஆக்குவேன், எவ கையில கரண்டி இருக்கோ அவ ஆக்குவா. தின்பீங்களா? மஞ்சச் சீல கட்டிக்கிட்டு, முந்தானைய ஏந்திக்கிட்டு, லயம் லயமா மடிப்பிச்ச எடுக்கணும். அந்த அரிசியிலதான் ஆத்தாளுக்குப் பொங்கல். அதுக்கு மேலதான் சட்டி.” பிறகு, அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “நீங்க கிராணி வூட்டம்மா. வேணாம்மா. ஆத்தா கோவிச்சுக்க மாட்டா.”

பிச்சை. லயத்து வாசலில். கனகரட்ணம் காலையில் ஆள்கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் நின்று யார் யாருக்கு முழுக்கூலிக்குப் பேர் விழும், யார் யாருக்கு அரைக்கூலியான அரைப்பேர் என்று எழுதுகிறாரோ, அந்த ஆட்களின் வாசலில். போதாததற்கு அவர்கள் ஆக்கின சோறு. அளவெட்டியில் அவளுடைய தாய் வீட்டில் அப்படிப்பட்டவர்கள் கிணற்றடிக்குக்கூட வந்ததில்லை.

நடந்ததை நடந்தபடி அவள் கணவனிடம் சொன்னாள். அவருக்குப் பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

“பாத்தீரோ! தெரியாமல் வைச்ச நேத்தி. தெரியாமல் வைச்சதுக்குக் கணக்கில்லை. விடும்.”

“தெரியாமல்தான் கேட்டனான்,” என்றாள் அன்னபாக்கியம். “தெரியாமல் கேட்டதை அவ தெரிஞ்சுதானே தந்தவ.”

“துரை காதிலை விழுந்தால்? நாளைக்குப் பெரட்டிலை ஆர் எனக்குப் பயப்பிடுவினம்? மலாக்காவிலை எங்கடை ஆக்களின்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது?”

“பிள்ளையின்ரை முகத்திலை முழிக்கிறியள்தானே. அது காணாதோ?”

அவர் எழுந்து போய்விட்டார். அவருக்குக் கோபத்தைவிடப் பயம்தான் கூட. செய்தால் மானம் போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். செய்யாவிட்டால்? அந்தக் கேள்வியை அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் பிள்ளை இருமினால் கந்தோரில் இருந்து எழும்பி வீட்டுக்கு ஓடி வந்து பார்த்தார்.

சேதி மலாக்காவுக்குப் போய்விட்டது. சின்னாச்சி வாடகைக் கார் பிடித்துக்கொண்டு வந்தாள். கோர்ட்டுக் கிளாக்கரின் மனைவி அவள். யார் வீட்டில் என்ன வேகிறது என்பதை மூடியைத் திறக்காமலே சொல்லக்கூடியவள்.

“அன்னம், கேள்விப்பட்டது மெய்யோ? கையேந்தப் போறீராம். ஏன், வீட்டிலை அரிசி முடிஞ்சுதோ? சொல்லியிருந்தால் நான் ஒரு மூட்டை ஏத்திக்கொண்டு வந்திருப்பனே.”

“அரிசி இருக்குது அக்கா. இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ.”

“பகிடி விடாதையும். எங்கடை ஆக்களிலை இப்பிடி ஒருத்தியும் செய்யேல்லை. உமக்குப் பதிலாய் அந்தத் தண்ணி தூக்கிறவளை எடுக்கச் சொல்லுமன். ஒரு பெட்டையையும் பெத்து வைச்சிருக்கிறீர். நாளைக்கு மாப்பிள்ளை தேடேக்கை இதை ஆரும் கேக்க மாட்டினமோ?”

யோகத்துக்கு அப்போது பதினாலு. கதவுக்குப் பின்னால் நின்றாள். அன்னபாக்கியம் ஒரு கணம் அந்தப் பக்கம் பார்த்தாள். கனகரட்ணம் அந்தப் பார்வையைக் கண்டார். இதோ இளகிவிட்டாள் என்று நினைத்தார்.

“கேட்டால் சொல்லுங்கோ அக்கா,” என்றாள் அவள். “தம்பிக்காகத் தாய் செய்தது, நாளைக்கு இவளுக்காகவும் செய்வாளெண்டு சொல்லுங்கோ.”

சின்னாச்சி கோப்பியைக் குடிக்காமலே போனாள்.

கனகரட்ணம் கடைசியாக நம்பியது தோட்டத்தின் பெரிய தண்டலை. வேலைக்காரக் கூட்டத்துக்கு மேஸ்திரியாகவும் கோயில் தர்மகர்த்தாவாகவும் இருந்த தம்புசாமி. அவரைக் கூப்பிட்டுவிட வேண்டிய தேவை இருக்கவில்லை. அவரே தலைப்பாகையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார். அவருக்கும் தூக்கமில்லை. கிராணி வீட்டம்மா நெருப்புச் சட்டியோடு கால் தடுக்கி விழுந்தால் யாருடைய பேர் வெட்டுப்படும் என்பது அவருக்குத் தெரியும்.

“ஐயா, அம்மா வரட்டும். நாங்க வேணாங்கல. சாமிக்கு முன்னால நல்ல பாய் போட்டு ஒக்கார வைக்கிறோம். முதல் தீர்த்தம், முதல் மாலை அம்மாவுக்குத்தான். மடிப்பிச்ச மட்டும்... எங்க பொம்பளைங்க பதறுறாளுங்க, ஐயா.”

கனகரட்ணம் தலையாட்டத் தொடங்கியபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

“தண்டல், உங்கடை அம்மன் பாயிலை இருக்கிறவைக்கோ பிள்ளையைத் தந்தவ?”

தம்புசாமி கிராணியாரைப் பார்த்தார். கிராணியார் தம்புசாமியைப் பார்த்தார். இரண்டு ஆண்களும் இருமிக்கொண்டார்கள்.

அன்று மாலை செலண்டாரில் ஹனிபாவின் கடைக்குப் போனார் கனகரட்ணம். இராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து வந்து கடைபோட்ட மனிதர் ஹனிபா. வருகிறவர்களின் சுகம் துக்கம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். புகையிலை கட்டிக்கொண்டே சொன்னார்: “கிராணியாரே, நானும் ஊருக்குப் போயிப் பார்த்துக்குவோம், ஊருக்குப் போயிப் பார்த்துக்குவோம்னுதான் இருக்கேன். தாடி நரைச்சுப் போச்சு. அம்மா கேக்குறது ஒண்ணுதானே. கர்ப்பூரம் ஊர்லயும் இதே மாதிரிதான் எரியுதாம்.”

கனகரட்ணம் புகையிலையை வாங்கிக்கொண்டு எழுந்தார். வீட்டுக்கு வந்து, போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

அவள் காப்புக் கட்டினாள். முதல் மாலை கோயில் முற்றத்தில் பெண்களோடு வரிசையில் இருந்தாள். முன்னால் இலை. சோற்றைப் பிசைந்தாள், வாய் வரைக்கும் கொண்டுபோனாள், கை நின்றுவிட்டது. எல்லாப் பெண்களும் தத்தம் இலையைப் பார்க்கிற மாதிரி அவளைத்தான் பார்த்தார்கள். அந்தக் கணத்தைப் பற்றி அவள் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. “எனக்கு வாந்தி வந்தது. பிறந்து வளந்த வளப்பு தொண்டையிலை வந்து நிண்டது,” என்று சொல்லுவாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள், விக்கல் எடுத்தது.

“மெதுவா, மெதுவா!” என்று பெத்தம்மாள் தண்ணீரை நீட்டினாள். “கடையில போடுற ரங்கூன் அரிசிம்மா. எங்களுக்கே எறங்காது!”

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள். இரண்டாவது உருண்டை இறங்கியது.

மடிப்பிச்சை ஒரு வெள்ளிக்கிழமை காலையில். சட்டி எடுப்பது அதற்குப் பிறகு. சட்டி தனக்குப் பெரிய பாடாக இருக்கவில்லை என்றுதான் அவள் பின்னாளில் சொல்லுவாள்: “நெருப்பு என்ன, கையோடை போயிடும். வாசல்தான் பெரிசு.”

நனைத்துக் கட்டிய மஞ்சள் சேலை, கையில் வேப்பிலை, வெறுங்கால். முன்னால் உடுக்கையோடு தம்புசாமி, பின்னால் பெத்தம்மாளும் மற்றப் பெண்களும், கடைசியில் அவள். வாசலில் நின்று “மாரியாத்தா மடிப்பிச்ச” என்று கூப்பிட வேண்டும். கோயிலுக்குத் திரும்பும்வரை அந்தக் கூப்பாட்டைத் தவிர வேறு பேச்சு ஆகாது. அரிசி போட்டவர்களுக்கு நெற்றியில் திருநீறு பூச வேண்டும்.

முதல் லயத்தில் முதல் கதவு அவளைக் கண்டதும் சாத்திக்கொண்டது. மரியாதையோ பயமோ, உள்ளே மூச்சுக்கூடக் கேட்கவில்லை. அவள் நின்றாள். மற்றப் பெண்கள் அடுத்த வாசலுக்குப் போன பின்பும் நின்றாள். “மாரியாத்தா மடிப்பிச்ச.” யாழ்ப்பாணத்து நாக்கில் அது வேறு மாதிரி விழுந்தது. கடைசியில் கதவு விரலளவு திறந்து, ஒரு கை மட்டும் வெளியே வந்து அரிசி போட்டது. திருநீறு பூச நெற்றி கிடைக்கவில்லை. அந்தக் கையிலேயே பூசிவிட்டு நகர்ந்தாள்.

நாலாவது வாசலில் பால் வெட்டுகிற வீரமுத்துவின் மனைவி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். போன வாரம் கனகரட்ணம் அவள் புருஷனுக்கு அரைப்பேர் போட்டிருந்தார். மழையில் அவன் ரப்பர்ப்பால் கோப்பைகளை எடுக்காமல் வந்துவிட்டான்.

“ஒங்க வூட்டுக்காரரு எம்புருசனுக்கு அரப்பேரு போட்டாரு,” என்றாள் அவள், லயம் முழுக்கக் கேட்க. “நான் அரப்படி போடுவேன்னு பாத்தீங்களா? புடிங்க!” என்று முழுப்படி அரிசியைத் தலைதட்டாமல் முந்தானையில் கொட்டினாள். பக்கத்து வாசலில் ஒரு வாலிபன், “போதும்லா அக்கா, அம்மா சீல கிழிஞ்சிரும்!” என்றான்.

அன்னபாக்கியத்தால் பதில் சொல்ல முடியாது. அவள் அந்தப் பெண்ணின் நெற்றியில் திருநீறு பூசினாள். பூசின கையை எடுக்காமல் ஒரு கணம் அங்கேயே வைத்திருந்தாள். வீரமுத்துவின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு எந்தக் கதவும் சாத்தவில்லை.

சட்டி எடுக்கிற பெண்களுக்கு அவரவர் வீடும் விலக்கில்லை. பெத்தம்மாள் தன் வாசலிலேயே முந்தானை ஏந்தினாள். அவள் புருஷன், “நாளைக்கு வா, சில்லற இல்ல” என்று பகிடி பண்ணிவிட்டுப் போட்டான். எல்லார் வீடும் முடிந்தது. தம்புசாமி உடுக்கையைக் கோயில் பக்கம் திருப்பினார். அன்னபாக்கியம் திரும்பவில்லை. மேட்டுப் பாதையில் ஏறத் தொடங்கினாள். பெத்தம்மாள் தலையை ஆட்டிப் பார்த்தாள், கண்ணால் கெஞ்சிப் பார்த்தாள். பிறகு முந்தானையை இறுக்கிக்கொண்டு பின்னால் ஏறினாள். மற்றவர்களும் ஏறினார்கள். இதற்கு முந்தி அந்த உடுக்கை நடுச்சரிவுக்கு வந்ததே இல்லை.

கனகரட்ணம் பெரட்டு முடிந்து காலைச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தார். யோகம் தம்பியைக் கூட்டிக்கொண்டு டொனிக் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். மூடி வைத்திருந்த பிட்டை அவர் தனியே இருந்து சாப்பிட்டுக் கை கழுவியபோது உடுக்கைச் சத்தம் வாசலில் கேட்டது.

“மாரியாத்தா மடிப்பிச்ச.”

அந்தக் குரலை அவர் அறிவார். படியில் வந்து நின்றார். கீழே அவள். ஈரச் சேலை, சேறு படிந்த கால், அரிசிப் பாரத்தில் முன்னுக்குச் சரிந்த தோள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மற்ற வாசல்களில் நின்ற மாதிரியே, முந்தானையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் லயமே திரண்டு பாதையில் நின்றது. அவர் தலைக்கு மேலே, மேட்டில், துரை பங்களாவின் விறாந்தை.

அவர் சட்டென்று உள்ளே போய்விட்டார். தம்புசாமியின் கை உடுக்கையில் நின்றுபோயிற்று.

உள்ளே போனவர் கதவைச் சாத்தப் போகவில்லை. குசினிக்குப் போனார். போனபிறகுதான் தெரிந்தது, அந்தக் குசினியில் எது எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. ஒரு பேணியைத் திறந்தார், மல்லி. ஒரு முட்டியைத் திறந்தார்; புளி. பழக்கதோஷத்தில் வாய் தானாகக் கூப்பிட்டது:

“இஞ்சரும், அரிசி எங்கை வைச்சனீர்?”

வாசலில் நின்றவள் வாய் திறக்க முடியாது. முதலில் பெத்தம்மாளின் தோள் குலுங்கியது. பிறகு வரிசை முழுவதும் முந்தானையைக் கடித்துக்கொண்டு குலுங்கியது. அன்னபாக்கியம் மட்டும் அசையவில்லை, அவள் மடியிலிருந்த அரிசி மட்டும் இலேசாக ஆடியது.

உள்ளே கனகரட்ணம் ஒரு பானைக்குள் இரண்டு கையையும் விட்டுக் கோலி எடுத்துக்கொண்டு திரும்பினார். பின்கதவால் அக்காவோடு வந்த ஆனந்தராஜா, மெலிந்த காலோடு குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவன், கத்தினான்:

“அது உப்பு, அப்பா! அரிசி அங்காலைப் பானைக்குள்ளை!”

அவர் உப்பைக் கொட்டினார். மகன் காட்டின பானையில், கையில் ஒட்டியிருந்த உப்போடு, இரண்டு கையும் நிறைய அள்ளினார். அரிசி அளக்கிற சுண்டு பக்கத்திலேயே தொங்கியது. அது அவர் கண்ணில் படவில்லை. விரலிடுக்கால் சிந்தச் சிந்த முன்வாசலுக்கு வந்தார். அவள் முந்தானையை உயர்த்தினாள். அவர் போட்டார்.

அவள் திருநீற்றை எடுத்தாள். அவர் நின்றது மேல்படியில், அவள் குள்ளம், கை எட்டவில்லை. காத்திருந்தாள். கனகரட்ணம் பங்களாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு படி இறங்கினார். தலையைக் குனிந்தார். கலியாணமான நாளிலிருந்து அவர் கையால் திருநீறு வாங்கினவள், லயத்துச் சனங்களுக்கெல்லாம் பூசின அதே விரலால் அவர் நெற்றியில் பூசினாள்.

பூசிவிட்டு அடுத்த வாசலுக்குத் திரும்பினாள். அடுத்த வாசல் டிரெசர் கணேசமூர்த்தியுடையது. அவர் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர், கூட்டம் தம் பக்கம் வருவதைக் கண்டதும் கதவை இழுத்துச் சாத்தத் தொடங்கினார்.

“கணேசமூர்த்தி!”

தோட்டம் முழுக்கக் கேட்கிற பெரட்டுக் குரல் அது. நெற்றியில் பட்டையாகத் திருநீறும் கை முழுக்க உப்பும் அரிசியுமாக, படியில் நின்றுகொண்டு கனகரட்ணம் கூப்பிட்டார்.

“கதவைத் திறவும், காணும்! அரிசியை எடுத்துக்கொண்டு வெளியிலை வாரும். தாய் வாசலிலை நிக்கிறா!”